கண்ணாடிக்குள் கடைசி ஓவர்

ரூபன் பந்து வீசுவதை அவன் அப்பா பார்த்தால் அது பவுண்டரிக்குப் போய்விடும். பள்ளிக்கூட மைதானத்திலிருந்தே அப்படித்தான் என்று ஞானதுரை நம்பினார். அதனால் அரையிறுதியன்று வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தார். டிவி முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் எதிரே கண்ணாடி.

கடைசி ஓவரில் எதிரணிக்குப் பன்னிரண்டு ரன் வேண்டும். வலக்கைக்காரனான ரூபன் கண்ணாடிக்குள் இடக்கையால் வீச ஓடிவந்தான். இது வேறு யாரோ ஒரு பையன், இவனைப் பார்த்தால் தப்பில்லை என்று அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். பிள்ளை எவ்வளவு அழகாக ஓடிவருகிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலே பந்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

“கடைசி ஓவர அந்தப் பயகிட்ட எவனாவது குடுப்பானாவே? கேப்டனச் சொல்லணும்” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

“ஸ்பின்னர வெளிய ஒக்கார வச்சானுவல்லா, அங்கயே முடிஞ்சுபோச்சு” என்றார் கடைக்காரர், கத்தியைத் துடைத்தபடி.

“அவனுவ மேல தப்பில்ல” என்றார் ஞானதுரை. ஒரு கன்னம் மட்டும் மழித்திருக்க, துண்டால் நுரையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ரூபனிடமிருந்து போன் வந்தது. “அப்பா, பாத்தீங்களா?”

“இல்ல மக்கா. சத்தியமா பாக்கல.”



“இன்னைக்காவது பாத்திருப்பீங்கன்னு நெனச்சேம்ப்பா” என்றான்.