கிழக்கு வாசலில் அழக் கூடாது

ஊர் மதிலின் கிழக்கு வாசல் நெற்றியில் மரக்கூண்டுகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் இருந்த கூண்டில் ஷிங்யேயின் மகனுடைய தலை இருந்தது. அவனை அந்த வாசலில் வைத்தேதான் வெட்டியிருந்தார்கள்.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே கீழே சிப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். கண் கலங்கினால் போதும், விவசாயச் சங்கத்துக்காரி என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போன வருஷம் இதே படைதான் வடக்கத்திப் போர்ப்பிரபுக்களை ஒழிக்கப் போகிறோம் என்று பாடிக்கொண்டு ஹூனான் மாகாணத்துக்குள் வந்தது. ஜனங்கள் தேநீர்க் குடத்தோடு வழியில் நின்றார்கள். அவள் மகன் விவசாயச் சங்கத்தின் முரசைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

இந்தக் கோடையில் படைக்குப் புத்தி மாறிவிட்டது. கூடப் பாடியவர்களின் கழுத்தைத் தேடி வந்தது.

வயிற்றெரிச்சலை எல்லாம் அவள் பிறகு பார்த்துக்கொள்வாள். இப்போது அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். அகாலத்தில் செத்தவனை, அவன் செத்த இடத்தில் நின்று, பெற்றவள் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். பாலூட்டிய காலத்தில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயிருக்கு வீட்டுக்கு வழி தெரியாது. கண்டவர் வாசலில் பசியோடு அலையும்.

அவனுடைய பால்பெயர் நாய்க்குட்டி. முதலில் பிறந்த எதுவும் தங்கவில்லை. நாற்பதைத் தாண்டிப் பிறந்த இவனையாவது கெட்ட ஆவிகள் சீந்தாமல் இருக்கட்டும் என்று அவள்தான் அப்படி ஒரு பெயர் வைத்தாள். சங்கத்தில் சேர்ந்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முள்ளங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் பெயர் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து ஒரு சவ ஊர்வலம் வந்தது.

முன்னால் ஊதுகுழல். அதன் பின்னால் காகிதக் காசை இறைத்துக்கொண்டு ஒருவன். பிறகு கனத்த கறுப்புப் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள், மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டு வந்தார்கள்.

பிணத்துக்குப் பின்னால் அழுகிறவளை எந்தச் சிப்பாய் கேட்பான்?

ஷிங்யே கூடையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் புகுந்தாள். பக்கத்தில் வந்த பருத்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் துணியில் ஒரு முழத்தைக் கிழித்து அவள் தலையில் கட்டிவிட்டாள்.

அந்தப் பெண்ணும் ஓயாமல் ஓலமிட்டாள். ஆனால் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கூலிக்கு அழுகிறவள் போலிருக்கிறது என்று ஷிங்யே நினைத்தாள். கொடுத்து வைத்தவள்.

வாசல் வளைவு தலைக்கு மேலே வந்தது.

"நாய்க்குட்டி! எங்கண்ணு நாய்க்குட்டி! வீட்டுக்கு வாடா! சோறு வச்சிருக்கேன்டா, அம்மா பின்னாலயே வாடா!"

அவளை அறியாமல் கால்கள் நின்றுவிட்டன. குரல் கல்வளைவில் மோதித் திரும்பியது.

ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். "ஏய் கிழவி! பெட்டிக்குள்ள இருக்கறது அறுபது வயசு அரிசிக்கடைக்காரர்னு சொன்னாங்க. நீ யாரை நாய்க்குட்டின்னு கத்தறே?"

ஷிங்யே தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஆனாலும் கூப்பிட்டாகிவிட்டது.

பருத்த பெண் முன்னால் வந்தாள். "அவரைத்தாங்க! இவங்க அவரோட அக்கா. தாய் மாதிரி தூக்கி வளர்த்தவங்க. அறுபது வயசானா என்ன, வளர்த்தவளுக்கு நாய்க்குட்டிதானே? உங்களுக்கும் வீட்டில ஒரு பேரு வச்சிருப்பாங்களே, அதைச் சொல்லுங்க பார்ப்போம்!"

"சொல்லுடா, பன்னிக்குட்டியா?" என்றான் கூட நின்ற சிப்பாய். மற்றவர்கள் சிரித்தார்கள். துப்பாக்கியை நீட்டியவன் முகம் சிவந்து அதை விலக்கிக்கொண்டான்.

ஊருக்கு வெளியே மூங்கில் தோப்பில் பெட்டியை இறக்கினார்கள். ஷிங்யே ஓடிப்போய் அதன் முன்னால் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் பதித்தாள். முன்பின் தெரியாத மனிதர், செத்தும் அவளுக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறார்.

"இந்தப் பெரியவர் பேரைச் சொல்லும்மா. உசிரு இருக்கற வரைக்கும் என் புள்ளையோட சேர்த்து அவருக்கும் ஊதுபத்தி ஏத்தறேன்."

பருத்த பெண் குனிந்து பெட்டியின் மூடியைத் தள்ளினாள். உள்ளே வைக்கோலில் சுற்றிய ஆற்றுக்கற்கள் இருந்தன.

"யாருமில்லக்கா. கல்லைக் கொட்டிட்டு மேற்கு வாசல் வழியா உள்ள போயிடுவோம். பொணத்தைத்தான் ஊருக்குள்ள விடமாட்டாங்க, காலிப் பெட்டியை விடுவாங்க. கிழக்கு வாசல்ல காவல் மாறினதும் மறுபடியும் இந்தப் பக்கம் தூக்கிட்டு வரணும்."

ஷிங்யே திரும்பிப் பார்த்தாள். பெண்கள் மூங்கில் நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குள் வந்தபோது ஒவ்வொருத்தியும் வேறு வேறு பெயரைச் சொல்லித்தான் அழுதிருக்கிறாள் என்று இப்போதுதான் புரிந்தது. தன் குரலின் சத்தத்தில் அவளுக்கு அது எதுவும் கேட்கவில்லை.

பருத்த பெண் அவளைத் தூக்கி நிறுத்தி, தலையில் நழுவியிருந்த வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"அடுத்த நடைக்கு நீயும் வா அக்கா. சிப்பாய் மறிச்சா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். என் பொண்ணுக்கு நான் இன்னும் அழல."