நீல ஒயர்

"இது தானா அறுந்ததில்லை, அண்ணே. யாரோ வேணும்னே வெட்டியிருக்காங்க" என்று பட்டறையில் ட்ரெய்லருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரரான எலக்ட்ரீஷியனை எல்லாரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலிருக்கும் மீட்டர் சொல்லாமல் மனுஷன் வாயைத் திறக்கமாட்டார். ஃபியூஸில் கோளாறு இல்லை, ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கோளாறு இல்லை, ஆனால் ட்ரெய்லர் சக்கரங்களின் பிரேக்குக்கு மட்டும் கரண்ட் போகவில்லை என்று ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் இதைப் பிடித்திருந்தார். இணைப்புப் பெட்டிக்குள், மற்ற ஒயர்களெல்லாம் முழுசாக இருக்க, நீல ஒயர் மட்டும் இரண்டு துண்டாகக் கிடந்தது.

டிரைவர் குனிந்து அதைப் பார்த்தான். ட்ரெய்லர் மேல் நிற்பது அவனுடைய மண் அள்ளும் இயந்திரம். போகவேண்டிய வழியோ மலை இறக்கம். சிக்னலில் நிறுத்தும்போது பின்னாலிருந்து ட்ரெய்லர் ஒரு தள்ளு தள்ளியதே, அதை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் மத்தியானம் பள்ளத்தில்தான் கிடந்திருப்பான்.

யார் என்று யோசிக்கவே வேண்டாம். பெண்டாட்டியின் தம்பிதான். அந்த இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவனைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததற்காகப் போன வாரம்தான் டிரைவர் நிறுத்தியிருந்தான். நீ எப்படி நல்லா இருக்கேன்னு பார்க்கிறேன் என்று நடுத்தெருவில் கத்திவிட்டுப் போனவன், நேற்று சாயங்காலம் ரெயின்கோட்டை எடுக்க வந்தேன் என்று ட்ரெய்லரையே சுற்றிச் சுற்றி வந்தான்.

பாவி, கூடப்பிறந்த அக்காவைக்கூட நினைத்துப் பார்க்கவில்லையே! அவளோ, மழையில் அந்த இறக்கத்தில் போகாதீங்க என்று ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். காலையில் இவன் சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமியதும் பேயறைந்த மாதிரி நின்றாள். டிரைவர்தான் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

மைத்துனனுக்குப் போன் போட்டான். எனக்கு ஒண்ணும் தெரியாது, வேணும்னா போலீஸுக்குப் போய்க்கோ என்று அவன் பட்டென்று வைத்துவிட்டான். திமிரைப் பார். டிரைவர் பட்டறைக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், அந்த ஒயரை மறுபடி குனிந்து பார்த்தான்.

ஒயரைச் சேர்த்துவிடட்டுமா என்று மீட்டர் கேட்டார். தொடாதீங்க, போலீஸ் வந்து பார்க்கட்டும் என்றான் இவன். மீட்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, சொந்தத்துக்குள்ளே நடந்த விஷயம், எதுக்கும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க என்றார். அது சரியாகத்தான் பட்டது.

மனைவியைக் கூப்பிட்டான். எங்கே இருக்கீங்க என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கொட்டித் தீர்த்தான்.

"உன் தம்பி ட்ரெய்லர் பிரேக் ஒயரை வெட்டியிருக்கான். என்னைக் கொல்லப் பார்த்திருக்கான். நான் ஸ்டேஷனுக்குப் போறேன், நீ குறுக்கே வராதே."

ஸ்டேஷன் எல்லாம் வேண்டாங்க என்றாள் அவள். தம்பிக்குப் பரிந்து பேசுகிறாளாக்கும் என்று இவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஏன்டி, அவனை விட்டுடச் சொல்றியா என்று அதட்டினான்.



"அவன் இல்லைங்க... அதை வெட்டினா வண்டி கிளம்பாதுன்னு நெனச்சேன்."