தங்கம்மாவின் மாதப் பணம்

"கவர்மெண்ட்டு, கவர்மெண்ட்டுன்னு சொல்லித்தானே என்னைப் போட வச்சீங்க? இப்பப் பாருங்க, அசல்லயே ஒரு லட்சம் கம்மியா காட்டுது!"

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஜெயகரனின் சின்ன முதலீட்டு ஆலோசனை ஆபீஸில், கோபால் மேசையைத் தட்டினார். தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது தட்டினால்தான் அவருக்குப் பேச்சே வரும்.

"கவர்மெண்ட் ஏமாத்தாது சார். கடனுக்குக் குடுத்த பாண்டு பத்திரம் முடியறப்ப பணத்தை முழுசா குடுத்துடும். ஆனா இது நீண்ட கால பாண்டு ஃபண்டு. வெளியில வட்டி ஏறிச்சுன்னா, கம்மி வட்டி குடுக்கிற பழைய பாண்டை யாரு அதே விலைக்கு வாங்குவாங்க? அதான் விலை இறங்கியிருக்கு. வட்டி குறைஞ்சா திரும்ப ஏறும்."

"அப்ப டிவிடெண்டு? அதுவும் பாதியாயிடுச்சே!"

"அது சம்பளம் இல்ல சார். ஃபண்டுல லாபம் மிச்சம் இருந்தாத்தான் குடுப்பாங்க. சில மாசம் கூட வரும், சில மாசம் வராமலும் போகும். இந்த ரிஸ்க்கையெல்லாம் போடறப்பவே சொன்னேனே."

"சொன்னீங்க, சொன்னீங்க. நம்ம ஊரு தங்க மைன்ஸை மூடினதும் இதே கவர்மெண்ட்டுதான். எனக்குத்தான் புத்தி இல்ல" என்று கோபால் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மூலையில் காத்திருந்த தங்கம்மா எழுந்து வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மாரிகுப்பத்தில் ஜெயகரன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். கொஞ்ச நாளாக அவள் கண்ணில் படாமல்தான் அவன் குறுக்குச் சந்து வழியாக வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தான்.

"நைனா, என் மனோகருக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

"அப்படியெல்லாம் இருக்காது பெரிம்மா."

"நாலு மாசமா துட்டு வரல. போன் போட்டா, அந்த நம்பரே இல்லன்னு ஒரு பொம்பள கன்னடத்துல சொல்றா. உசிரோட கீறானா இல்லியான்னே தெரியல."

ஜெயகரன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தொடவில்லை.

"அவங்கப்பன் செத்ததுலேர்ந்து போட்டுக்கினு இருந்தான் நைனா, அவனும் நானும் சேர்ந்து வச்ச பேங்க் கணக்குல. பெங்களூர்ல டாக்ஸி ஓட்டறவன். ஓட்டம் இருந்தா ஏழாயிரம், இல்லாட்டி நாலாயிரம். ஒரு தபா ரெண்டு மாசம் வரவேயில்ல. புள்ளைக்குக் காய்ச்சலோ இன்னாவோன்னு மாரியாத்தாளுக்கு ஒருபொழுது இருந்தேன். அடுத்த மாசமே வந்துச்சு."

"சரி பெரிம்மா..."

"அனுப்புன துட்டைப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டான். 'வந்துச்சா'ன்னு கேட்டதே இல்ல. நானா 'வந்துச்சுப்பா'ன்னு சொன்னாலும் பேச்சை மாத்திடுவான். அவ்ளோ பெரிய மனசு. அப்பனும் இருந்தானே! மைன்ஸ் மூடறப்ப குடுத்த செட்டில்மென்ட்டை ஒரு பைசா மிச்சமில்லாம குடிச்சுட்டுப் போய்ச் சேந்தான். அந்தாளு செத்தப்ப நான் அழக்கூட இல்ல."

ஜெயகரன் தலையைக் குனிந்துகொண்டான். புருஷன் முனியப்பனைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

"தினம் சாயங்காலம் ஸ்டேஷன்ல போய் நிக்கறேன். பெங்களூர் வண்டியில வர்றவங்க எல்லார்கிட்டயும் போட்டோ காட்டிட்டேன். ஒருத்தரும் பாக்கலன்றாங்க. நாளைக்கு விடிகால வண்டியில நானே போறேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா பாக்கணும். பொணம் வைக்கிற எடத்தையும் பாத்துடணும். எனக்குப் படிக்கத் தெரியாது, நீ கூட வா நைனா."

சொல்லிவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். இந்த வயதில் இவளை ஊர் பேர் தெரியாத பிணங்களின் முகத்தைப் பார்க்க விடுவதா? ஜெயகரனுக்குத் தாங்கவில்லை.

"போவ வேணாம் பெரிம்மா. மனோகர் உசிரோடதான் கீறான். நான் பாத்தேன்."

தங்கம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எங்க பாத்த? எப்ப?"

"இங்கதான். ஒரு வேலையா வந்தான். உடம்பெல்லாம் நல்லாத்தான் கீறான்."

"இங்கயா? இவ்ளோ தூரம் வந்து வீட்டுக்கு வரலியா?"

அதற்கான காரணத்தை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

"கையில துட்டு இல்லாம அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு வெக்கப்பட்டிருப்பான், பாவம். அடுத்த தபா வந்தா சொல்லு நைனா, இனிமே அனுப்ப வேணாம்னு. நான் நாலு வீட்ல பாத்திரம் தேச்சுப் பொழச்சுக்கறேன். அந்தக் குடிகாரன் எதனா வச்சிட்டுப் போயிருந்தா நானே என் புள்ளைக்குக் குடுத்திருப்பேனே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்ததைவிடத் தெம்பாக அவள் படியிறங்கிப் போனாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்த ஜெயகரன், கோழையாக மறுபடியும் உட்கார்ந்தான்.

முனியப்பன் குடித்தது உண்மைதான். ஆனால் செட்டில்மென்ட்டை அவர் தொடவில்லை. சொன்னால் கரைத்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியாமல், அத்தனையையும் ஜெயகரன் மூலமாகவே கவர்மெண்ட் பாண்டு ஃபண்டில் போட்டு, தன் காலத்துக்குப் பிறகு படிக்கத் தெரியாத பெண்டாட்டி ஆபீஸ் ஆபீஸாக அலையக் கூடாதே என்று மகன் பெயரையும் அதில் சேர்த்து வைத்தார். இத்தனை வருடமும் அவளுக்கு வந்தது அந்த டிவிடெண்டுதான். மகன் ஒரு ரூபாய்கூட அனுப்பியதில்லை.

நாலு மாதத்துக்கு முன் மனோகர் இந்த ஆபீஸுக்கு வந்தது, அதை மொத்தமாக விற்று எடுத்துக்கொண்டு போகத்தான்.