க்ளெனிஸின் முட்டி வலி

“ஏணியெல்லாம் என்னால ஏற முடியாது மர்ரே. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் என்ன குரங்கா?”

முகாம் சாமான்கள் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக க்ளெனிஸ் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு, விற்பனைக்கு விரித்து வைத்திருந்த முகாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“குரங்குக்கு முட்டி வலி வராது,” என்றார் மர்ரே, தொப்பியைக் கழற்றாமலே. “இத்தனை வருஷமா ஏணியிலதானே ஏறினோம்? இப்போ போய்ப் படி வாங்கினா, முகாம்ல ஒருத்தன் பாக்கியில்லாம என்னைக் கிழிச்சுத் தொங்க விடுவான்.”

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் காலைப்பனி விழ ஆரம்பித்தால் போதும், இருவரும் கூடார வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வடக்கே வெயில் தேடிக் கிளம்பிவிடுவார்கள். வண்டியின் மூடியைத் திறந்து விரித்தால் கூடாரம் எழும்பும். உள்ளே நெஞ்சு உயரத்தில் கட்டில். அதில் ஏற ஒரு மெல்லிய அலுமினிய ஏணி.

ஆட்டு ரோமம் கத்தரித்தே ஆயுளைக் கழித்தவர் மர்ரே. குனிந்து குனிந்து இடுப்பும் கால்களும் தேய்ந்துபோயிருந்தன. போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, ஏணியில் கால் தவறிக் கீழே விழுந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்று சாயங்காலம் முகாமில் எல்லோரும் பீரும் கையுமாக வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, “கூடாரக் கயிறு தடுக்கிடுச்சு,” என்றார். “பாழாப்போன கயிறு,” என்று க்ளெனிஸும் ஒத்து ஊதினாள்.

அன்றிலிருந்து, “வண்டியை வித்துடலாம் க்ளெனிஸ், சுத்தினது போதும்,” என்பதே பேச்சாக இருந்தது. இந்த வருஷம் பனி விழுந்து இரண்டு வாரமாகியும் வண்டியின் மேல் மூடிய தார்ப்பாயை அவர் எடுக்கவில்லை. ‘உனக்காகப் படி வாங்கலாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், மறுநாளே வண்டி விலைபோய்விடும். அது அவளுக்குத் தெரியும்.

ஆகவேதான் போன வாரம் வியாழக்கிழமை காலை, தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது க்ளெனிஸுக்குத் திடீரென்று முட்டி வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மண்டியிட்டபோது, அந்த முட்டி சொன்ன பேச்சைக் கேட்டு நன்றாகவே மடங்கியது. “பொய்தான் ஆண்டவரே,” என்று முணுமுணுத்தாள். “ஆனா அந்த மனுஷன் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா வாடிப்போயிடுவார்.”

கடைக்காரர் டார்சி இரண்டு விதமான படிகளைக் கொண்டுவந்து வைத்தார். “இது ரெண்டு படிம்மா. மடிச்சா பெட்டி மாதிரி ஆயிடும். இது நாலு படி. பக்கத்துல கைப்பிடி இருக்கு.”

மர்ரே கடையின் மறுகோடியில் கூடாரக் கம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே குரல் கொடுத்தார். “ரெண்டு படி உதவாது. கடைசியில ஒரு தாவு தாவணும். நாலு படிதான் ஆடாம நிக்கும்.”

“அங்கேருந்தே கண்டுபிடிச்சிட்டீங்களே!” என்றார் டார்சி.

“ஆனா கனம் ஜாஸ்தி,” என்று மர்ரே அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “ஏணியே போதும்.”

“சரி, நான் கீழ தரையில படுத்துக்கறேன். பாம்பு வந்தா உன்னைக் கூப்பிடறேன்.”

“பாம்பு பாவம்.”

டார்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“நீயே ஏறிப் பாத்து, என் முட்டிக்குச் சரிப்படுமான்னு சொல்லேன்,” என்றாள் க்ளெனிஸ், முடிந்தவரை அலட்சியமாக.

மர்ரே பெருமூச்சு விட்டபடி வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். உச்சியில் ஒரு கணம் நின்றார். பிறகு இறங்கினார். பாதம் முழுசும் படியில் பதிந்தது. கால் நடுங்கவில்லை. க்ளெனிஸ் மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

“ம்... உனக்கு இது சரியா வரும்,” என்றார் மர்ரே. “வேற வழி? முட்டியைக் கழட்டி வீட்டுல வச்சுட்டா வரமுடியும்? நாளைக்கே தார்ப்பாயை எடுத்துடறேன். சனிக்கிழமை கிளம்பலாம்.”

“எனக்காகவா இவ்வளவும்?”

“பின்ன யாருக்கு?” அவருடைய காது மடல்கள் சிவந்தன. “டார்சி, சீக்கிரம் கார்ல ஏத்துங்க.”

அதற்குள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து, கடையில் வேலை செய்யும் பெண் உதட்டோரத்து ரொட்டித் துணுக்கைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். மர்ரேயைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அட, வந்துட்டீங்களா சார்! போன வாரம் செவ்வாய்க்கிழமை இதே படியிலதானே அவ்வளவு நேரம் ஏறி ஏறி இறங்கினீங்க? ‘என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி, பாவம், ஏணி ஏற முடியல’ன்னு சொன்னீங்களே, அது இவங்கதானா?”

மர்ரே தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

க்ளெனிஸின் முட்டி வலி பிறந்ததே அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். ஆனாலும் அவள் அவரைப் பார்க்கவில்லை. “ஆமாம்மா, நான்தான். ரொம்ப நாளாவே வலி,” என்று சொல்லிவிட்டு மெல்ல எழுந்தாள். கணவரின் கையைப் பற்றிக்கொண்டு, வரும்போது நொண்டியதைவிட நன்றாகவே நொண்டியபடி கார்வரைக்கும் நடந்தாள்.