சின்னையனுக்கு நான் கொடுத்த நம்பர்

பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காணாமல் போன சிப்பாய்களைப் பழைய ராணுவ எண்களை வைத்துத் தேடிக் கொடுப்பது கடலூரில் எனக்குப் பொழுதுபோக்கு.

2006இல் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ராஜாமணி அம்மாள் வந்தார். வயது எண்பத்து மூன்று, நெற்றி நிறையக் குங்குமம். கணவர் சின்னையன் 1943இல் பர்மா சண்டைக்குப் போனவர்.

"செத்தாரா இருக்காரான்னு தெரியாம திதியும் குடுக்கல, பொட்டையும் அழிக்கல தம்பி," என்றார்.

ஒரு வருடம் தேடினேன், கிடைக்கவில்லை. வாராவாரம் அவர் பஸ் ஏறி வருவதைப் பார்க்கப் பொறுக்காமல், என் சொந்த ராணுவ எண்ணின் கடைசி இலக்கத்தை ஏழாக்கி, அதுதான் சின்னையன் எண் என்று, இறந்த தேதி ஒன்றும் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாள் அங்கேயே முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த எண் உண்மையில் யாருடையதோ என்று உறுத்தியது. ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "சிப்பாய் சின்னையன். போன வெள்ளிக்கிழமை விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டார்."

மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஓடினேன். கொடியில் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அம்மாள் நெற்றியில் புதுக் குங்குமம்.

"அக்கா, அந்தத் தேதி நான் பொய்யா போட்டது."

"அவரும் அதத்தான் சொன்னாரு. எழுதுன ஆளு எங்கன்னு கேட்டாரு. அட்ரஸ் குடுத்துட்டேன்."

நான் நேராகச் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கேதான் இருக்கிறேன். நேற்று பக்கத்து வீட்டு சார்லஸ் போன் செய்தான்.

"மாமா, ஒங்க வாசல்ல பட்டாளத்து ஆளு ஒருத்தரு ஒக்காந்திருக்காரு. இருவது வயசு இருக்கும். லீவு எப்ப முடியுதுன்னு கேட்டேன். தேதிய நீங்கதான் போடணுமாம்."