மூன்றாவது வரிசைச் சிரிப்பு

மூன்றாவது வரிசையில் உட்காரும் அந்தம்மாவை இன்றைக்கு அரங்கை விட்டு வெளியே அனுப்பியே தீருவது என்று இயக்குநர் முடிவு கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? அவள் எழுதிய நாடகம் விளையாட்டு விஷயமா? கருவிலேயே மரபணுவைச் சோதித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிக்கிற ஓர் அலுவலகம். பிறக்கப்போகிற பிள்ளைகள் ஆளுக்கொரு ரிப்போர்ட்டோடு நேர்காணலுக்கு வருவார்கள். பெற்றோர் உதட்டைப் பிதுக்குவார்கள், குமாஸ்தா முத்திரை குத்துவார். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரள வேண்டும் என்பது அவள் ஆசை.

மூன்றாவது பிள்ளையாக வருபவன் நிஜமாகவே மூன்றடி உயரம்தான். பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் குறை. இருபத்தாறு வயது, அசல் நடிகன். படாதபாடு பட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "முன்னாடி வந்தவங்க உயரத்தையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க சார்" என்பான். ஒத்திகையில் குழுவே உருண்டு புரண்டது.

முதல் நாள் காட்சியில் ஒரு சத்தமில்லை. நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள், அவ்வளவுதான்.

உள்ளே வந்தவன் முகம் செத்துப்போயிருந்தது. இன்னும் ரெண்டு காட்சி பார்ப்பேன்க்கா, அப்புறம் வேற ஆளைப் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அதற்கும் மேல். அவன் வாயைத் திறக்கவே இல்லை, மேடையில் காலெடுத்து வைத்ததுமே மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கெக்கெக்கே என்று சிரித்தாள். அதைக் கேட்டு அரங்கமே சிரித்தது.

இயக்குநருக்கு ரத்தம் கொதித்தது. பாவப்பட்டதே தேவலை போலிருந்தது. பையன் இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான் என்று பயந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே நழுவிவிட்டாள்.

இன்றும் அதே அம்மாள், அதே சிரிப்பு. இடைவேளையில் இயக்குநர் அவளை நடைவழியில் மடக்கினாள்.

"ஏம்மா, குறையோட பிறந்தவனைப் பார்த்தா உங்களுக்கு அவ்வளவு சிரிப்பா வருதா?"

அந்தம்மா கோபப்படவில்லை. "அவன் என் பையன்மா" என்றாள்.



முதல் நாள் வீட்டுக்கு வந்தவன் சாப்பிடக்கூட இல்லையாம். எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தாங்கம்மா என்று குமுறினானாம். யாராவது ஒருத்தர் ஆரம்பித்தால்தானே மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வரும், அதனால்தான் டிக்கெட் எடுத்து வந்து உட்கார்ந்தாளாம்.

"சரிம்மா. ஆனா அவன் பேசுறதுக்கு முன்னாடியே சிரிக்கிறீங்களே?"

"இவன் வயித்துல இருக்கப்பவே டெஸ்ட் எடுத்துச் சொல்லிட்டாங்க. இப்படி ஒருத்தன் வர்றான்னு தெரிஞ்ச அன்னிக்கு வீடே அழுதுச்சு. நானுந்தாம்மா அழுதேன். இப்பவாச்சும் அவன் உள்ளே வரும்போது அம்மா சிரிக்க வேணாமா?"