குடிக்காத டீ

"வாயைத் திறந்தே, தொலைஞ்சே. ஞாபகம் வெச்சுக்கோ," என்று கிளம்பும்போதே நெவிலின் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நெவில் மெல்பி கால்பந்து அணியின் ரசிகன். பனியோ மழையோ, இருபத்தாறு வருடமாக சீசனின் கடைசி ஆட்டத்தை அவன் தவறவிட்டதில்லை. இன்றைக்கோ வாழ்வா சாவா ஆட்டம். டிரா செய்தால் கூடப் போதும், மெல்பி தப்பிக்கும். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆட்டம் நடப்பது டன்வொர்த்தில், அவன் காலே வைத்திராத மைதானத்தில். வெளியூர்க்காரர்களுக்கான பகுதியில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. கிடைத்தது ஒரே ஒரு சீட், அதுவும் உள்ளூர் காலரியின் நட்டநடுவே!

வாசலிலேயே பலகை தொங்கியது: 'இந்தக் காலரியில் வெளியூர் அணியை ஆதரித்துக் கூச்சலிடுபவர்கள் உடனே வெளியேற்றப்படுவார்கள்.'

மெல்பியின் பச்சை மஃப்ளரைச் சட்டைக்குள் திணித்து, கோட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நெவில் போய் உட்கார்ந்தான்.

பக்கத்து சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், டன்வொர்த்தின் சிவப்புத் தொப்பியோடு இருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன வில்ஃப், இன்னைக்கு ஜெயிச்சுருவோமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் பெரியவரும் தொடங்கிவிட்டார்.

"டேய் மெல்பிக்காரனுங்களா! ஆடு மேய்க்கிறதை விட்டுட்டு இங்க எதுக்குடா வந்தீங்க?"

காலரியே சிரித்தது. நெவிலும் சிரித்து வைத்தான்.

ஆறுதலுக்கு, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட மீட் பை ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதை ஒரு கடி கடித்தபோது, காலரி மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

கோலும் விழவில்லை, யாருக்கும் அடியும் படவில்லை. எதற்குத் தட்டுகிறார்கள்? வாய் நிறைய மென்றுகொண்டே நெவில் திருதிருவென்று விழித்தான். சுதாரித்து எழுந்து நாலு தட்டு தட்டுவதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வில்ஃப் அவனை ஒரு பார்வை பார்த்தார். பேசாமல் எழுந்து போனார்.

நெவிலுக்குத் திக்கென்றது. போட்டுக் கொடுக்கப் போகிறாரோ?

கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒரு கப் டீயோடு திரும்பி வந்தார். மூடியைக் கழற்றினார், உஃப் உஃப் என்று ஊதினார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் காலடியில் வைத்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் டீக்கு ஓடுகிறார், அதையும் குடிக்கவில்லை. இவரெல்லாம் ஒரு ரசிகராம் என்று நினைத்துக்கொண்டான் நெவில்.

இரண்டாம் பாதியில் டன்வொர்த் கோல் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நெவிலும் எழுந்து கைதட்டினான். ஒரு மணி நேரமாகத் தொடாமல் இருந்த டீயை, வில்ஃப் இப்போது கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

எண்பத்தைந்தாவது நிமிடம். மூலையிலிருந்து வந்த பந்தை மெல்பி ஆட்டக்காரன் தலையால் முட்டினான். பந்து வலைக்குள் போனது!

மனைவி சொன்னது, வாசல் பலகை எல்லாம் பறந்தது. நெவில் துள்ளி எழுந்து, "கோ..." என்று வாயைத் திறந்தான்.

சளக்! கப் டீ முழுவதும் அவன் பேண்ட்டில் கொட்டியது. பாதிக் கூச்சல் "ஓ!" என்று முடிந்தது.

மூன்று வரிசை ஆட்கள் முறைத்துப் பார்த்தார்கள். மஞ்சள் கோட்டுக் காவலர் படியேறி வந்துவிட்டார்.

"யாருய்யா அது குதிச்சது? மெல்பிக்காரனா?"

"மெல்பியாவது மண்ணாவது!" என்றார் வில்ஃப். "நான்தான் கை தவறி டீயைக் கொட்டிட்டேன். குதிக்காம என்ன பண்ணுவான், பாவம்?"

நனைந்த பேண்ட்டைப் பார்த்த காவலர் சிரித்துவிட்டார். "மறுபடியும் கொட்டிட்டீங்களா வில்ஃப்? உங்க பக்கத்துல ரெயின்கோட் போட்டுக்கிட்டுதான் உக்காரணும்."

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. மெல்பி தப்பித்தது. நெவிலுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு கோல், அதற்கு வாய்விட்டுக் கத்தக்கூட விடாமல் கெடுத்துவிட்டாரே இந்தத் தள்ளாத மனுஷர்!

காலரி காலியானதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். "ஏன் சார், கையில இருக்கிற டீயைக் கொஞ்சம் பார்த்துப் பிடிக்கக் கூடாதா?"

"பார்த்துதான் தம்பி கொட்டினேன்."

"வேணும்னேவா?" என்றான் நெவில்.

"எங்க பழைய ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரருக்காக ஒன்பதாவது நிமிஷம் எல்லாரும் எழுந்து கைதட்டுவோம். இந்த ஊர்ல பொறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். நீ மீட் பை தின்னுட்டு உக்காந்திருந்தே. அப்பவே எழுந்து போய் டீ வாங்கிட்டேன்."

"எதுக்கு?"

"என் பெண்டாட்டி டோரினும் மெல்பிதான். முப்பத்தோரு வருஷம் இந்த சீட்லதான் உக்காந்தா. வாயை மூடிட்டு இருப்பேன்னு சத்தியம் பண்ணித்தான் உள்ள வருவா. உங்காளுங்க கோல் போட்டா குதிச்சுடுவா." வில்ஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "போன ஜூன்ல போயிட்டா. அதான் இந்த சீட்டு உனக்குக் கிடைச்சது."

நெவில் தான் உட்கார்ந்திருந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"அது சரி, டீ சுட்டுச்சா தம்பி?"

நெவில் தொடையைத் தடவிப் பார்த்தான். ஈரம் மட்டும்தான். "இல்ல சார். ஜில்லுன்னுதான் இருந்தது."

"ஆற வெச்சுத்தான் எடுப்பேன்," என்றார் வில்ஃப். "முப்பத்தோரு வருஷத்துல அவளுக்கும் ஒரு தடவைகூடச் சுட்டதில்ல."